மவுஸ் வாங்கும் முன் மேசையைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி கம்ப்யூட்டர் கடைகளில் ‘கை வலிக்காத மவுஸ் இருக்கா?’ என்று கேட்டு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். டிடிபி செய்கிறவர்கள், கணக்கு எழுதுகிறவர்கள், இ-சேவை மையத்தில் நாள் முழுக்க விண்ணப்பம் பதிகிறவர்கள், ஊரில் இருந்தபடியே வேலை பார்க்கும் ஐ.டி. பிள்ளைகள். கேட்டதும் சுறாத்துடுப்பு மாதிரி நிமிர்ந்து நிற்கும் வெர்ட்டிகல் மவுஸ் ஒன்று கைக்கு வருகிறது. பெட்டியைப் பிரித்தால் திரும்ப வாங்க மாட்டார்கள். எங்கே வலிக்கிறது, கை எவ்வளவு பெரியது என்று விற்பவரும் கேட்பதில்லை, வாங்குபவரும் சொல்வதில்லை.

முதலில் வலியின் இடம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், ராத்திரி தூக்கத்தில் கையை உதற வேண்டியிருந்தால், மணிக்கட்டின் உள்பக்கம் நடு நரம்பு நெருக்குண்டிருக்கலாம். அங்கே ஒரு குறுகிய வழியில் ஒன்பது தசைநாண்களோடு அந்த நரம்பும் சேர்ந்து போகிறது. ஒன்று வீங்கினாலும் நசுங்குவது நரம்புதான். சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, கர்ப்பகாலம் ஆகியவற்றிலும் இது வரும் என்பதால், மவுஸ் மாற்றிப் பார்த்துக்கொண்டே மாதங்களைக் கடத்தாமல் டாக்டரிடம் காட்டுவது நல்லது. 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்த நரம்பு நெருக்கம் உள்ளவர்களுக்கு வெர்ட்டிகல் மவுஸ் மணிக்கட்டு பக்கவாட்டில் வளைவதைக் குறைத்தது. ஆனால் அந்தக் குறுகிய வழிக்குள் இருக்கும் அழுத்தம் குறையவில்லை. விற்பனைப் பெட்டிகளில் இந்தச் செய்தி இருக்காது.

சுண்டுவிரல் பக்கம் மரத்தால் அது வேறு நரம்பு. முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றும் பழக்கம் உண்டா என்று பார்க்க வேண்டும். கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்க்கும்போது கட்டைவிரல் அடியில் சுள்ளென்று இழுத்தால், கட்டைவிரலால் உருட்டும் டிராக்பாலை (மவுஸை நகர்த்தாமல், அதில் பதித்த பந்தை உருட்டி அம்பை நகர்த்தும் ரகம்) தொடவே வேண்டாம். நடுவில் பெரிய பந்து வைத்து, மற்ற விரல்களால் உருட்டும் ரகம் பரவாயில்லை. முழங்கைக்குக் கீழே முன்கை கடுக்கிறது என்பவருக்குத்தான் வெர்ட்டிகல் மவுஸ் நன்றாகக் கைகொடுக்கும். கையைக் கவிழ்த்து வைக்கும்போது முன்கை எலும்பு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழுகின்றன. கைகுலுக்கும் பாங்கில் வைத்தால் அந்த முறுக்கு தளர்கிறது.

அடுத்து மேசை. நம் ஊர் கம்ப்யூட்டர் டேபிளில் கீபோர்டு இழுப்புத் தட்டில் இருக்கும். தட்டில் இடம் போதாமல் மவுஸ் மேல் பலகையில் இருக்கும். ஒரு கை கீழே, ஒரு கை மேலே. தோள் தூக்கிக்கொண்டு, பலகையின் கூர் விளிம்பு மணிக்கட்டில் அழுந்த எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் எந்த மவுஸும் காப்பாற்றாது. இரண்டையும் ஒரே மட்டத்தில், முழங்கை உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். 75 செ.மீ. மேசை ஐந்தடி உயரமுள்ளவருக்கு அதிகம். ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு இருக்கையை உயர்த்தி, காலுக்கு ஒரு பலகை வைத்தால் போதும், செலவே இல்லை. நம்பர் பேடு உள்ள கீபோர்டு மவுஸை 8, 9 செ.மீ. வலப்பக்கம் தள்ளிவிடுகிறது. எண் அதிகம் அடிப்பவர்கள் மவுஸை இடக்கைக்கு மாற்றிப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் ஒரே வடிவமுள்ள சாதாரண மவுஸ் அதற்குப் போதும், பட்டனை செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம். (டேலி என்ற கணக்கு மென்பொருளை மவுஸால் ஓட்டுவது சைக்கிளை உருட்டிக்கொண்டே ஊர் போவது மாதிரி. அதற்குக் கீபோர்டே போதும்.) ஜெல் வைத்த பேடில் மணிக்கட்டை அழுத்திக்கொண்டு வேலை செய்யாதீர்கள். அது கை ஓயும்போது உள்ளங்கையின் அடிமேட்டை வைப்பதற்கு.

இத்தனைக்கும் பிறகுதான் மவுஸ். மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஸ்கேலால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். 17 செ.மீ.க்குக் கீழே என்றால் சிறிய கை, 19-க்கு மேல் பெரிய கை என்று தோராயமாகக் கொள்ளலாம். லாஜிடெக் கம்பெனியின் எம்எக்ஸ் வெர்ட்டிகல், லிஃப்ட் இரண்டுக்கும் சாய்வு 57 டிகிரிதான். ஆனால் லிஃப்ட் சிறிய, நடுத்தரக் கைக்கென்று செய்தது, அதில் இடக்கை ரகமும் உண்டு. சிறிய கைக்காரர் பெரிய மவுஸைப் பிடித்தால் பட்டனை எட்ட விரலை நீட்டியபடியே இருப்பார், வலி இடம் மாறும், போகாது. வெர்ட்டிகல் மவுஸில் இன்னொரு குறை: கிளிக் பக்கவாட்டில் அழுத்துவதால், மலிவான லேசான மவுஸ் நகர்ந்துவிடும். அதைத் தடுக்கக் கட்டைவிரல் எதிர்ப்பக்கம் இறுக்கிப் பிடிக்கும். வாங்கும்போது மேசையில் வைத்து, கட்டைவிரலை எடுத்துவிட்டு ஒரு கிளிக் செய்து பாருங்கள், தெரிந்துவிடும்.

நெல்லை வெயிலுக்கு என்று ஒரு யோசனை. ரப்பர் பூச்சுள்ள மவுஸ் கடையில் மெத்தென்று இருக்கும். வியர்வையிலும் வெக்கையிலும் இரண்டு மூன்று வருடத்தில் பிசுபிசுவென்று பலாப்பழப் பால் மாதிரி ஒட்டும். சொரசொரப்பான கெட்டிப் பிளாஸ்டிக்கே மேல்.

வாங்கிய பின் வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். 1920 புள்ளி அகலத் திரையைக் கடக்க 800 டிபிஐயில் (மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் அம்பு கடக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை) கை 6 செ.மீ. நகர வேண்டும், 1600-ல் 3 செ.மீ. போதும். அதற்கு மேல் ஏற்றினால் எக்செல் கட்டத்தில் அம்பை நிறுத்தவே விரல் விறைக்கும். அம்பு விட்டுவிட்டு ஓடினால் மவுஸைக் குறை சொல்லுமுன், வயர்லெஸ் மவுஸ் என்றால் அதன் ரிசீவர் (கம்ப்யூட்டரில் செருகும் சிறு துண்டு) நீலநிற யுஎஸ்பி 3.0 போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் போர்ட்டின் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கும். ஒரு முழ நீட்டிப்பு வயரில் ரிசீவரைத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

கடைக்காரர்களிடம் ஒரே வேண்டுகோள். ரகத்துக்கு ஒன்று, பெட்டி பிரித்து மேசைமேல் வையுங்கள். செருப்புக்கடையில்கூடப் போட்டுப் பார்க்க விடுகிறார்கள்.

இப்படிக்கு,
கணினிப் பழுது பார்ப்போர் சிலர்,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி.