இலவச மென்பொருளுக்கு எதற்குக் கூலி? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டு போகிறவர்களில் பலர் பில்லைப் பார்த்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இது இணையத்தில் சும்மா கிடைக்கிறதாமே, நீங்கள் எதற்குப் பணம் வாங்குகிறீர்கள்?" சிலர் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள், சிலர் கோபமாக. கேட்க வேண்டிய கேள்விதான். பின்னால் நாலு பேர் காத்திருக்கும்போது நின்ற இடத்திலேயே அதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறோம்.

ஆமாம், சும்மா கிடைக்கிறதுதான். நாங்கள் போடும் லினக்ஸ் வகையான லினக்ஸ் மின்ட், வேர்டு, எக்செல் வேலைகளுக்கான லிப்ரே ஆஃபிஸ், பிரவுசரான ஃபயர்ஃபாக்ஸ், வீடியோ பார்க்கும் விஎல்சி எதற்கும் நீங்கள் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்து நீங்களே இறக்கிக்கொள்ளலாம். எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம், நண்பருக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். இவை வெளிவரும் உரிமங்களே அதற்கு இடம் தருகின்றன. பிரதி எடுத்துத் தருவதற்குக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட ஜிபிஎல் என்ற திறந்த மென்பொருள் உரிமத்தில் எழுதியிருக்கிறது. நாங்கள் அதை வாங்குவதில்லை. பென் டிரைவ் கொண்டுவந்தால் அதில் ஏற்றிக் கொடுத்துவிடுவோம், வீட்டில் நீங்களே முயன்று பாருங்கள்.

இனிமேல் எங்கள் பில்லில் இரண்டு வரிகள் தனித்தனியாக இருக்கும். மென்பொருள் விலை என்ற இடத்தில் சுழியம், வேலைக் கூலி என்ற இடத்தில் தொகை. துணியை நீங்கள் எடுத்துக் கொடுத்தால் தையற்காரர் துணிக்கு விலை போடமாட்டார், தையலுக்குத்தான் வாங்குவார். இதுவும் அப்படித்தான்.

புதிய லேப்டாப் வாங்கும்போது விண்டோஸுக்கென்று யாரும் தனியாகப் பணம் எடுத்து வைப்பதில்லை. அதற்கான உரிமக் கட்டணம் லேப்டாப் விலைக்குள்ளேயே இருக்கிறது. கண்ணில் படாததால் அது இலவசம் போலத் தெரிகிறது. எங்கள் கூலி பில்லில் பளிச்சென்று நிற்பதால் அநியாயம் போலத் தெரிகிறது! எங்களைக் கேட்டால், எல்லாருடைய பில்லிலும் எல்லாத் தொகையும் பளிச்சென்று நிற்க வேண்டும். வாங்குபவருக்குச் செய்யக்கூடிய முதல் நியாயம் அதுதான்.

சரி, கூலி எந்த வேலைக்கு? நிறுவுவது பெரிய வேலையே இல்லை. பெரும்பாலான கணினிகளில் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அதிலும் பாதி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். நேரம் போவது அதற்கு முன்னும் பின்னும்.

லேப்டாப் வந்ததும் முதலில் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்ப்போம். உள்ளே இருக்கும் டிஸ்கில் கை வைக்கமாட்டோம். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடியை மூடித் திறந்தால் ஒழுங்காக விழித்துக்கொள்கிறதா என்று பார்ப்போம். கடைசியாகச் சொன்ன சோதனையில் மாட்டுகிற லேப்டாப்புகள் உண்டு. சில பிராட்காம் வைஃபை சில்லுகளுக்கு டிரைவரைத் தனியாக இறக்க வேண்டும். அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்த வைஃபையே வேண்டும். போனைக் கேபிளில் இணைத்து அதன் இணையத்தைக் கொடுத்துத்தான் தப்பிக்க வேண்டியிருக்கிறது. கைரேகை உணரி பல மாடல்களில் வேலை செய்யாது. அப்படியென்றால் வேலையைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவோம்.

அப்புறம் டிஸ்கின் உடல்நிலை. ஹார்ட் டிஸ்கும் எஸ்எஸ்டியும் தம் பழுதுகளைத் தாமே குறித்து வைக்கும். ஸ்மார்ட் அறிக்கை என்று அதற்குப் பெயர். அதில் கெட்டுப்போன பகுதிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் இயங்குதளம் பற்றிய பேச்சையே நிறுத்திவிட்டு உங்கள் படங்களையும் கோப்புகளையும் காப்பாற்றுகிற வேலையில் இறங்குவோம்.

இன்னொன்று பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு. விண்டோஸ் கணினிகள் பலவற்றில் உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். தினமும் தானாகத் திறந்துகொள்வதால் பூட்டு இருப்பதே தெரியாது. அதை மீட்பதற்கான 48 இலக்க எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டும் மறந்து, வேறெங்கும் அந்த எண்ணைக் குறித்தும் வைக்காமல் இருந்தால், பூட்டிய டிஸ்கை எங்களால் திறக்க முடியாது. அதனால்தான் லேப்டாப்பைக் கையில் வாங்கியதும் அந்தக் கணக்கைப் பற்றித் துளைத்துத் துளைத்துக் கேட்கிறோம். வேவு பார்க்கிறோம் என்று நினைக்க வேண்டாம்.

எல்லாம் போட்டு முடித்த பிறகு வருவதுதான் நீளமான வேலை. பேக்கப்பைத் திருப்பி வைத்து, நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்து, பிரிண்டரைப் பேச வைத்து, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை மாற்றித் தர வேண்டும். பிறகு உங்களை உட்கார வைத்து, நீங்கள் தினமும் செய்கிற வேலையை அதில் செய்து காட்டச் சொல்வோம். அப்போதுதான் உண்மையான பிரச்சினைகள் வெளியே வரும். ஒரு பக்கத்தில் அடங்கிய பயோடேட்டா லிப்ரே ஆஃபிஸில் திறந்ததும் இரண்டாம் பக்கத்துக்கு வழிந்தால் பதறாதவர்கள் இல்லை. பெரும்பாலும் காரணம், அதில் பயன்படுத்திய காலிப்ரி எழுத்துரு லினக்ஸில் இல்லை என்பதுதான். அதே அகல அளவில் செய்த கார்லிட்டோ என்ற எழுத்துருவைப் போட்டால் வரிகள் பெரும்பாலும் பழைய இடத்துக்கே வந்துவிடும். சின்ன விஷயம்தான். ஆனால் இது தெரியாமல் "லினக்ஸ் சரிப்பட்டு வராது" என்று தூக்கிப் போட்டவர்கள் நிறைய.

இனி, யாருக்கு இந்தச் செலவே வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. விண்டோஸ் 11 வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் உள்ள பிராசசரும் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான். அதற்கு முந்தியது, நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், பட்டியலில் இல்லை. ஆனால் வீட்டுப் பயனாளர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ள மைக்ரோசாஃப்டே வழி வைத்தது. கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் ஒத்திசைத்துப் பதிவு செய்தால் காசில்லாமலும் கிடைக்கும். இதைச் சொல்வதால் எங்களுக்கு வருமானம் இல்லை. இருந்தாலும் வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்கிறோம்.

சிலருக்கு லினக்ஸ் வேண்டாம் என்று நாங்களே திருப்பி அனுப்பிவிடுவோம். விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளை நம்பித் தொழில் செய்பவர்கள், ஆட்டோகேடில் வரைபவர்கள், எக்செல்லில் பெரிய பெரிய மேக்ரோ எழுதி வைத்திருப்பவர்கள், வேலரண்ட் விளையாடாமல் பொழுது போகாத பிள்ளைகள். படங்களைத் திருத்தும் கிம்ப் நல்ல இலவச மென்பொருள். ஆனால் ஃபோட்டோஷாப்பில் பிழைப்பு நடத்துபவரிடம் போய் "ரெண்டும் ஒன்றுதான்" என்று சொல்ல எங்களுக்கு மனசு வராது. எங்கள் கணக்கரே விண்டோஸில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கிராக் போட்ட, அதாவது உரிமப் பூட்டை உடைத்த, மென்பொருளை மட்டும் யார் கேட்டாலும் போடமாட்டோம். "போன தடவை வேறிடத்தில் போட்டுக் கொடுத்தார்களே" என்பார்கள். கொடுத்திருப்பார்கள். அந்தக் கிராக்கை இயக்கும் முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் பாருங்கள், அந்த ஒரு வரி போதும். அதற்குள் வேறென்ன இருக்கிறது என்று பார்க்க யாருக்கும் வழியில்லை. பிரவுசரில் இருக்கும் வங்கிப் பாஸ்வேர்டு போனால், பழி கடைசியாக லேப்டாப்பைத் தொட்டவர் மேல்தான் விழும்.

லினக்ஸ் போன்றவற்றை எழுதிய வரிகள், அதாவது மூலநிரல், யாரும் படிக்கும்படி திறந்தே இருக்கும். "மூலநிரல் எல்லாருக்கும் தெரியும் என்றால் திருடனுக்கும் தெரியுமே?" என்றும் கேட்கிறார்கள். தெரியும்தான். 2024 மார்ச் மாதம் லினக்ஸோடு வரும் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளில் ஒருவர் திருட்டு வாசல் வைத்தது வெளிப்பட்டது. அதற்கு முன் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக உதவுகிறவர்போல நடித்து, அதைப் பராமரித்தவரின் நம்பிக்கையைச் சம்பாதித்திருந்தார் அந்த ஆள். கண்டுபிடித்தவர் ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாவது ஏன் என்று துருவப்போய், மூலநிரல்வரை போய்ப் பிடித்துவிட்டார். பெரும்பாலும் லினக்ஸின் சோதனைப் பதிப்புகளோடு ஆபத்து நின்றது. மூலநிரல் மூடியிருந்தால் அவரால் அவ்வளவு தூரம் போயிருக்க முடியாது. ஆனால் திறந்திருக்கிறது என்பதாலேயே யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். இணையத்தில் போகும் தகவலைப் பிறர் படிக்காமல் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் இருந்த ஹார்ட்பிளீட் ஓட்டை இரண்டு ஆண்டுகள் அப்படியே கிடந்து, 2014 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. உலகத்தின் பாதி இணையம் நம்பியிருந்த அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்ள அன்றைக்கு இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான்.

அதனால் எங்கள் கூலியில் ஒரு பங்கை எடுத்து வைத்து, நாங்கள் போட்டுக் கொடுக்கும் மென்பொருள்களின் திட்டங்களுக்கு நன்கொடையாக அனுப்புகிறோம். ரசீதைக் கேட்டால் காட்டுவோம். பெரிய தொகை இல்லை. உங்களிடமிருந்து இதற்கென்று தனியாக எதுவும் பிடிப்பதும் இல்லை.

பணம் கொடுத்து வாங்கியதே கையில் நிற்காத காலம் இது. 2009-இல் அமேசான், வாடிக்கையாளர்கள் காசு கொடுத்து வாங்கிய சில மின்னூல்களை அவர்களுடைய கிண்டில் கருவிகளிலிருந்து தானாகவே அழித்தது. பதிப்புரிமைச் சிக்கல் என்று காரணம் சொல்லி, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பிறகு மன்னிப்பும் கேட்டது. கலிஃபோர்னியாவில் 2025 முதல், உரிமம் மட்டுமே தருகிற டிஜிட்டல் பொருளை அதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்குங்கள்" என்று விற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அடோபி 2013-இல் சந்தா முறைக்கு மாறிய பிறகு, ஃபோட்டோஷாப்பின் புதிய பதிப்புகளை ஒரே தடவை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியாது. சந்தா என்றாலே மோசம் என்று நாங்கள் சொல்லவில்லை. சர்வர் ஓட்டச் செலவாகிறது, மாதாமாதம் கேட்கிறார்கள், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. சேர்வதற்கு ஒரு பட்டன், விலகுவதற்குப் பத்துத் திரை என்று வைப்பதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

கோப்புகளுக்கும் இதே கதி வரலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ்க் கடிதங்களை இன்று அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றித் தருகிறோம், கொண்டுவாருங்கள். இனி எழுதுவதை லிப்ரே ஆஃபிஸின் ஓடிஎஃப் வடிவத்தில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். 2006-லேயே ஐஎஸ்ஓ தரமாக அறிவிக்கப்பட்டது அது, எப்படிப் படிப்பது என்ற விவரம் வெளிப்படையாக இருக்கிறது. பிறருக்கு அனுப்புவதை வேர்டு வடிவத்தில் அனுப்பினால் போதும், எதிர்முனையில் இருப்பவரைப் படுத்த வேண்டாம்.

எங்கள் பக்கத்திலிருந்து சில உறுதிகள். அட்மின் பாஸ்வேர்டு உங்கள் கையில்தான் இருக்கும். எங்களிடம் பிரதி இருக்காது. தொலைவிலிருந்து உங்கள் கணினிக்குள் நுழையும் மென்பொருள் எதையும் விட்டுவைக்கமாட்டோம். நாங்கள் எடுத்த பேக்கப்பை இரண்டு வாரம் வைத்திருந்து அழித்துவிடுவோம். லினக்ஸ் ஒத்துவரவில்லை என்றால் ஒரு மாதத்துக்குள் கொண்டுவாருங்கள், மறுபடி விண்டோஸ் போட்டுத் தருகிறோம், அதற்குக் கூலி இல்லை. லேப்டாப்போடு வந்த உரிமம் பெரும்பாலும் அதன் போர்டிலேயே பதிந்திருக்கும், டிஸ்கை அழித்தாலும் அது போகாது. இப்போது நாங்கள் போடும் லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் வரும். அதை நீங்களே செய்துகொள்ளச் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம், அதற்காக எங்களிடம் வர வேண்டியதில்லை.

வரும்போது சார்ஜரையும், பிரிண்டரின் மாடல் பெயரையும், தினமும் பயன்படுத்தும் மென்பொருள்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் கொண்டுவாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டை வீட்டிலேயே ஒரு தடவை போட்டுச் சரிபார்த்துவிட்டு வந்தால் உங்களுக்கும் ஒரு நடை மிச்சம். சனிக்கிழமை கூட்டம் அதிகம், மற்ற நாட்களில் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் காட்ட முடியும்.

அன்புடன்,
உங்கள் கணினிப் பழுதுபார்ப்பு நிலையத்தார்