அந்த அண்டா யாருடையது?

குறிஞ்சிப்பாடி, வடலூர், கடலூர் உறவுகளுக்கு வணக்கம்.

இங்கே பதினாறாம் நாளோடு கருமாதி முடிந்துவிடும். இலங்கையில் எங்கள் ஊர் வழக்கத்தில் முப்பத்தோராம் நாள்தான் பெரிது. அன்று வீட்டுக்கிருத்தியம் முடித்து, துக்கத்தில் உடன் நின்றவர்களுக்கு நன்றி நவிலல் எழுதுவோம். வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு 31. ஆனால் இந்த ஒரு மாதத்துக்கு மட்டும் நன்றி சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

1990 ஜூனில் மறுபடி போர் மூண்டது. தலைமன்னாரிலிருந்து இரவோடிரவாகப் படகேறி ராமேஸ்வரம் வந்தோம். மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, பஸ்ஸில் ஏற்றி, குறிஞ்சிப்பாடியில் இறக்கினார்கள். எனக்கு ஒன்பது வயது. பொழுது சாயும் நேரத்தில் நாலைந்து பெண்கள் ஒரு பித்தளை அண்டா நிறையப் புளிச்சோறு கொண்டுவந்து வைத்தார்கள். தறிக்காரர் ஒருவர் மாற்றுத்துணி இல்லாத ஆண்களுக்கெல்லாம் புதுக் கைலி கொடுத்தார். யாரும் எங்களை எதுவும் கேட்கவில்லை. முதலில் சாப்பிடச் சொன்னார்கள்.

1991க்குப் பிறகு எங்களைப் பார்க்கும் பார்வை பல இடங்களில் மாறிப்போனது. அந்த நாட்களிலும் டீச்சர் ஒருவர் தினமும் சாயங்காலம் முகாமுக்கு வந்து, வேப்பமரத்தடியில் எங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். டீச்சர், நான் பெயிண்டராகத்தான் ஆனேன். ஆனால் கடைப் பலகையில் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுகிறேன்.

கடைத்தெருவில் போன் கடை வைத்திருந்த அண்ணனுக்கு என்ன எழுதுவது? 2009இல் ஐந்து மாதம் வன்னியிலிருந்த மாமா குடும்பத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சொந்தக்காரர் எல்லோரிடமும் அவர் கடை எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். அம்மா தினமும் போய்க் கடை வாசலில் நிற்பார். அண்ணன் ஒரு ஸ்டூலை எடுத்துப் போடுவார், ஒன்றும் பேசமாட்டார். போர் முடிந்து, மக்களை முள்வேலிக்குள் அடைத்து வைத்திருந்த நேரம். ஒருநாள் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு முகாமுக்கு ஓடிவந்தார். “யக்கா, சிலோன்லேர்ந்து போன். பத்து நிமிஷத்துல மறுபடி கூப்பிடுவாங்க, ஓடியாங்க.” மாமா செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் உயிரோடு இருந்தார். அன்றைக்கு அம்மாவைவிட அந்த அண்ணன்தான் அதிகம் அழுதார். அதற்குப் பிறகு நாங்கள் பேசிய எந்த அழைப்புக்கும் அவர் காசு வாங்கியதில்லை.

கடைசி வருடம் ஜிப்மரும் வீடுமாக அலைந்தோம். ரத்தம் கொடுத்த கடலூர்க் கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேருக்கு, எனக்குப் பதிலாக ராத்திரி கண்விழித்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கு, பாடையைத் தோளில் சுமந்த ஊர் அண்ணன்மாருக்கு நன்றி. தேவனாம்பட்டினத்தில் அஸ்தி கரைக்கப் படகு தந்தவருக்கும் நன்றி. 2004 சுனாமி சமயத்தில் எங்கள் முகாம் பெண்கள் அந்தக் கரைக்குச் சமைக்கப் போனார்கள், அம்மாவும் போனார். அதைச் சொன்னதும் அவர் டீசல் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்புறம், அந்த அண்டா. கழுவிக் கொடுப்பதற்குள் கொண்டுவந்த பெண்கள் போய்விட்டார்கள். அம்மா தெருத் தெருவாகக் கேட்டுப் பார்த்தார். வருடா வருடம் புளி போட்டுத் துலக்கி வைத்தார். பத்துக்குப் பத்து அறையில் நாங்கள் கால் நீட்ட இடமில்லாதபோதும் அதற்கு ஒரு மூலை இருந்தது. “இது ஆற்றை எண்டு தெரியேல்லை, தம்பி. குடுத்திட வேணும்” என்பார். கடைசியாக ஆஸ்பத்திரியிலும் சொன்னார்.

கழுத்துப் பக்கம் ‘மு.வீ.’ என்று எழுத்து வெட்டியிருக்கிறது, கீழே ஒரு சின்ன நசுங்கல். உங்கள் வீட்டு எழுத்து அதுவானால், உங்கள் பாட்டியோ அத்தையோ 1990இல் முகாமுக்குச் சோறு கொண்டுபோனதாகச் சொல்லியிருந்தால், ஞாயிற்றுக்கிழமை மதியம் முகாமுக்கு வாருங்கள். மற்றவர்களும் வாருங்கள். அன்றைய சோற்றை அந்த அண்டாவில்தான் வைக்கப்போகிறோம். சாப்பிட்டு முடிந்ததும் துலக்கித் தருகிறேன், எடுத்துப் போகலாம்.