தூளும் இலையும் இருக்கும் வீட்டுக்கு என்ன வழிகாட்டி?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். புகையிலையை விடுவதற்கான மருத்துவ வழிகாட்டிகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முக்கூடல் வட்டாரத்தில் 26 வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். என் அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தாள். அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டியைக் கட்டுரையாளர் பாராட்டியிருந்தார். எனக்கும் அது பிடித்தது. புகையிலைப் பழக்கமுள்ள எந்த நோயாளி வந்தாலும் அரை நிமிடம் முதல் மூன்று நிமிடம் வரை ஒதுக்கி, புகையிலையை விடும்படி பேசச் சொல்கிறது. போயிலை போட்டு மெல்லுகிறவர்களையும் அது மறக்கவில்லை. சரி, ஒரு வழிகாட்டி தரமானதா என்று எதை வைத்துச் சொல்வது? அக்ரீ 2 என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. ஆறு பிரிவு, 23 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். ஆதாரங்களை முறையாகத் தேடினார்களா, எழுதியவர்களுக்கு மருந்துக் கம்பெனியோடு பணத் தொடர்பு உண்டா என்றெல்லாம் அது கேட்கும். கட்டுரையும் இவற்றைத்தான் பேசியது. அதே 23 கேள்விகளில் இன்னும் இரண்டு இருக்கின்றன: நோயாளிகளின் கருத்தைக் கேட்டார்களா? நடைமுறையில் என்ன தடை வரும் என்று யோசித்தார்களா?

வீட்டில் புகையிலைப் பொருள் எதுவும் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள் என்பது வழக்கமான அறிவுரை. நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஊரில் அதை எப்படிச் செய்வது? பீடி சுற்றும் பெண்கள் சோறு பொங்கி முடித்த கையோடு நடுவீட்டில் மடியில் தட்டை வைத்து உட்கார்ந்துவிடுவார்கள். தட்டில் வெட்டிய பீடி இலை, புகையிலைத் தூள், நூல். அந்தத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்துதான் சுற்றுகிறவளின் புருஷன் பீடியை விட வேண்டும். கையை நீட்டினால் பீடி. தூளைத் தூக்கி வெளியே போட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

இன்னொன்று. எங்கள் தெருப் பெரியவர் ஒருவருக்குப் பீடியை விடுவதற்கு நிகோடின் சூயிங்கம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சீட்டைக் காட்டி, "எம்மா, பல்லே இல்லாதவன் எதை வச்சு மெல்லட்டும்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவரை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. நானும் வேறு வேலையில் விட்டுவிட்டேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பழையபடி திண்ணையில் பீடியும் இருமலுமாக இருந்தார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

மருந்தின் அளவையும் பல இடங்களில் ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். பீடி அப்படி இல்லை, இழுக்காமல் விட்டால் அணைந்துவிடும். அதனால் குடிக்கிறவர் விடாமல் இழுத்துக்கொண்டே இருப்பார். அந்தக் கணக்கு இதற்கு எப்படிப் பொருந்தும்?

அப்புறம் பெண்கள். "புகையிலைப் பழக்கம் உண்டா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "வெற்றிலையோடு என்ன சேர்ப்பீர்கள்?" என்று கேட்டால்தான் போயிலை வெளியே வரும். 2016-17 தேசிய கணக்கெடுப்பில் நாட்டின் பெரியவர்களில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம், புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துகிறவர்கள் 21.4 சதவீதம். கேள்வியைச் சரியாகக் கேட்கச் சொல்லிக்கொடுக்காத வழிகாட்டியில் இவர்களில் பலர் விட்டுப்போய்விடுவார்கள்.

நம் அரசு அடுத்து ஒரு வழிகாட்டி தயாரிக்கும்போது, முக்கூடலிலிருந்தோ மேலப்பாளையத்திலிருந்தோ பீடி சுற்றும் பெண் ஒருத்தியையும் அந்தக் குழுவில் உட்கார வைக்க வேண்டும். எழுதி முடித்ததைத் தமிழில் அவளுக்கு வாசித்துக் காட்டி, "இது உங்கள் வீட்டில் நடக்குமா?" என்று கேட்க வேண்டும்.

உங்கள் கட்டுரையில் தேசிய புகையிலை விடுப்பு உதவி எண் விட்டுப்போயிருந்தது. 1800-11-2356, கட்டணம் கிடையாது. அடுத்த இதழில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்.