மியான்மரிலிருந்து தஞ்சம் வந்தவர்களை அந்நாட்டு ராணுவத்திடம் ஒப்படைக்க வேண்டாம் எனக் கோரும் மனு

அனுப்புநர்
பர்மாவிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தினர்,
வியாசர்பாடி, சென்னை.

பெறுநர்
ஒன்றிய உள்துறைச் செயலாளர் அவர்கள்,
புது தில்லி.
(சென்னை மாவட்ட ஆட்சியர் வழியாக)

பொருள்: மியான்மர் ஜனநாயகப் போராட்டக்காரர்களை நாடு கடத்துவதை நிறுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாங்கள் இன்றைய மியான்மரான பர்மாவிலிருந்து வெறுங்கையோடு கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள். 1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருடங்களில் கடைகள் அரசுடைமையாகின. 1964 மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். என் அம்மா ரங்கூன் துறைமுகத்தில் காதுத் தோட்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் கப்பலேறினார். ஓட்டை தூர்ந்துவிடக் கூடாதென்று வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு சென்னையில் வந்து இறங்கியதை இன்றைக்கும் சொல்வார். அந்த ராணுவத்தை எங்களுக்கு வீட்டுக்குள்ளிருந்தே தெரியும். எங்களுக்காவது திரும்பி வர ஒரு நாடு இருந்தது.

2021 பிப்ரவரி 1 அன்று அதே ராணுவம் மறுபடியும் ஆட்சியைப் பறித்தது. முந்தைய நவம்பர் தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி பெருவெற்றி பெற்றிருந்தது. புதிய நாடாளுமன்றம் கூடவிருந்த நாளின் விடியற்காலையிலேயே அவரைப் பிடித்து அடைத்துவிட்டார்கள்.

2022-இல் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக மணிப்பூர் மாநிலம் மோரே போயிருந்தேன். பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று அறுபதுகளில் தரைவழியாகக் கிளம்பி, எல்லையில் தடுக்கப்பட்டு, அங்கேயே தங்கிவிட்ட எங்கள் சனங்கள் வாழும் ஊர் அது. மியான்மரிலிருந்து அங்கே தப்பி வந்திருந்த ஒரு பள்ளி ஆசிரியையைச் சந்தித்தேன். ராணுவ ஆட்சியை எதிர்த்து இரவு எட்டு மணிக்குத் தன் வீட்டு வாசலில் நின்று பாத்திரம் தட்டியிருக்கிறார். கெட்ட ஆவியை விரட்ட அந்த நாட்டில் அப்படித் தட்டுவது வழக்கம். அப்புறம், ராணுவத்துக்குக் கீழே சம்பளம் வாங்க மாட்டேன் என்று வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டார். அவர் செய்தது அவ்வளவுதான். தேடப்படுவோர் பட்டியலில் தன் பெயர் வந்ததைக் கைப்பேசியில் காட்டினார். பள்ளி அடையாள அட்டைக்காக எடுத்த அதே படம். பக்கத்தில், தூண்டிவிட்ட குற்றத்துக்கான 505(அ) பிரிவு என்றிருந்தது. வெள்ளைக்காரன் 1860-இல் எழுதிய அதே தண்டனைச் சட்டத்திலிருந்து வந்ததுதான் அவர்கள் சட்டமும்.

இங்கே வந்தும் அவர் ஓயவில்லை. ஒரு தகரக் கொட்டகையில் கூட வந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டு, ஊரில் பிடிபட்டவர்கள், செத்தவர்களின் பெயர்களைக் கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருந்தார். நாடு விட்டு வந்தவர்கள் இப்படிப் பெயர் பெயராகச் சேகரிப்பதால்தான் அங்கே நடப்பது வெளியே தெரிகிறது. முன்னாள் கைதிகள் 2000-இல் தாய்லாந்தின் மே சொட் ஊரில் தொடங்கிய அரசியல் கைதிகளுக்கான உதவிச் சங்கம், 2021-க்குப் பிறகு 6,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறது.

இப்படிப்பட்டவரைத் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. 2022 ஜூலையில் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் பியோ சேயா தாவையும், 1988 ஜனநாயகப் போராட்டத்தின் மாணவர் தலைமுறையைச் சேர்ந்த கோ ஜிம்மியையும், மேலும் இருவரையும் தூக்கிலிட்டார்கள். உடல்களைக்கூடக் குடும்பத்தாரிடம் கொடுக்கவில்லை.

ஐயா, 1988-இல் ஓடி வந்த மாணவர்களுக்கு இதே இந்தியா மணிப்பூரிலும் மிசோரத்திலும் முகாம் அமைத்துக் கொடுத்தது. சோசலிஸ்ட் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தன் தில்லி வீட்டிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். அவர்களைப் போல நாடு விட்டு வந்தவர்கள் 1998-இல் தில்லியில் தொடங்கியதுதான் மிஸ்ஸிமா செய்தி நிறுவனம். அந்த இந்தியாவை நம்பித்தான் இவர்களும் வந்தார்கள். ஆனால் 2021 மார்ச் 10 அன்று தங்கள் அமைச்சகம் எல்லை மாநிலங்களுக்கு எழுதிய கடிதம், இவர்களை உள்ளே விடாதீர்கள் என்றது. மிசோரம் மட்டும் மனசு கேட்காமல் 30,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு இடம் கொடுத்தது. மணிப்பூரிலிருந்து 2024-இல் பலரைத் திருப்பி அனுப்பினார்கள்.

அகதிகள் உடன்படிக்கையில் நாம் கையெழுத்திடவில்லை என்பது பதிலாகாது. உயிர் வாழும் உரிமையைத் தரும் அரசமைப்புச் சட்டப்பிரிவு 21 இந்த மண்ணில் நிற்கும் எந்த மனிதருக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சக்மா அகதிகள் வழக்கில் சொல்லிவிட்டது. 2021 மே 3 அன்று மணிப்பூர் உயர் நீதிமன்றம் மிஸ்ஸிமா பத்திரிகையாளர்கள் மூவர் உட்பட 7 பேரை, தில்லி சென்று ஐ.நா. அகதிகள் ஆணையத்தை அணுக அனுமதித்தது. பதிவு செய்திருந்த இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு, கடவுச்சீட்டோ விசாவோ இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025-இல் தங்கள் அமைச்சகமே விலக்கு அளித்தது. அதற்கு நாங்கள் மனதார நன்றி சொல்கிறோம். அதே கருணையைத்தான் இவர்களுக்கும் கேட்கிறோம்.

ஆகவே, உயிருக்கு ஆபத்துள்ள எவரையும் மியான்மருக்கு அனுப்பக் கூடாது என்று எழுத்துப்பூர்வமாக ஆணையிட வேண்டும். ஐ.நா. ஆணையத்தின் அலுவலர்கள் மிசோரம், மணிப்பூர் முகாம்களுக்குப் போக அனுமதிக்க வேண்டும். வேறு நாடு ஏற்றுக்கொண்டவர்களுக்கு வெளியேறும் அனுமதியை இழுத்தடிக்காமல் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, வெளிநாட்டவர் தொடர்பான சட்டங்களில் தண்டனை முடிந்தவர்களைச் சிறையிலிருந்து நேரே மோரே எல்லைக் கதவுக்குக் கொண்டுபோவதை இன்றே நிறுத்தும்படி பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தாயகம் திரும்பிய குடும்பத்தினர்
(கையெழுத்துகள் இணைக்கப்பட்டுள்ளன)