கயலுக்கு எந்தப் பிஸ்டல்?

கோயம்புத்தூர்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதமும் அதோடு நீ வைத்திருந்த மூன்று கடைக்காரர்களின் விலைப் பட்டியலும் வந்து சேர்ந்தன. முதலில் சிரிப்புதான் வந்தது. என்.சி.சி. கேம்ப்பில் .22 ரைபிளைத் தோளில் வைத்த உடனே இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொள்ளும் ஆள் நீ. உன் மகள் கயல் மாவட்டப் போட்டியில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் பதக்கம் வாங்கிவிட்டு, சொந்தமாக ஒன்று வேண்டும் என்று நிற்கிறாள். இந்தத் திறமை தங்கச்சி பக்கத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

இங்கே எல்லாரும் சுகம். அம்மா முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கர் இல்லாமல் நடக்க ஆரம்பித்துவிட்டாள். நடக்க ஆரம்பித்ததும் அதிகாரமும் திரும்ப வந்துவிட்டது. ராஜேந்திரன் மகள் கல்யாணம் நன்றாக நடந்தது. நீ வரவில்லை என்று அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான், ஒரு போன் போட்டுப் பேசிவிடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் துப்பாக்கி வைத்தால் போலீஸ், லைசென்ஸ் என்று அலைய வேண்டுமே என்று தங்கச்சி பயப்படுவதாக எழுதியிருந்தாய். பயப்பட வேண்டாம் என்று சொல். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. குழலும் குண்டு வெளியேறும் சக்தி 20 ஜூலுக்குள்ளும் உள்ள ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டிக்கான ஏர் பிஸ்டல் குண்டு நொடிக்கு 150 மீட்டர் அளவில்தான் போகும், கணக்குப் போட்டால் 6 ஜூல் பக்கம் வரும். அடையாள அட்டை நகல் கொடுத்து, பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும். அதற்காக விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதே, கண்ணில் பட்டால் கண் போய்விடும். பெட்டியில் வைத்துப் பூட்டு. பெல்லட் (அதற்கான குண்டு) டப்பாவை வேறு அலமாரியில் வை.

நீ அனுப்பியதில் ஒன்று ஸ்டையர் ஈவோ 10ஈ, ஒன்று மோரினி சி.எம். 162 ஈ.ஐ., மூன்றாவது பர்தினி கே 12. ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்து, இத்தாலி. இவற்றோடு ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் பி8எக்ஸ், வால்தர் எல்பி 500 இரண்டையும் சேர்த்துக்கொண்டால் பெரிய போட்டிகளில் கண்ணில் படும் பிஸ்டல்கள் பெரும்பாலும் அடங்கிவிடும். "விலை கூடினது குறி தப்பாதா?" என்று கேட்டிருக்கிறாய். தப்பாது. ஆனால் விலை குறைந்ததும் தப்பாது. இந்த ஐந்தில் எதை எடுத்து வைஸில் இறுக்கி வைத்துச் சுட்டாலும் 10 மீட்டரில் குண்டுகள் ஒரே ஓட்டைக்குள் போகும். பெட்டிக்குள்ளேயே ஃபாக்டரியில் சுட்டுப் பார்த்த அட்டை ஒன்று இருக்கும், பார். கயல் அடிக்க வேண்டிய பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ., ஏறக்குறைய உன் சட்டைப் பட்டன் அளவு. அதை அடிக்கத் தேவையான துல்லியம் எல்லாக் குழலிலும் தேவைக்கு மேலேயே இருக்கிறது. அப்படியானால் கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் ட்ரிக்கர். ஈவோ 10 என்றால் மெக்கானிக்கல், பின்னால் 'ஈ' சேர்ந்தால் எலெக்ட்ரானிக். அந்த ஓர் எழுத்துக்கே கணிசமான தொகை. மோரினி சி.எம். 162 ஈ.ஐ. எலெக்ட்ரானிக்தான், அதன் மெக்கானிக்கல் தம்பி எம்.ஐ. எலெக்ட்ரானிக் ட்ரிக்கர் சுத்தமாக, கண்ணாடிக் குச்சி முறிகிற மாதிரி விடும் என்பது உண்மை. ஆனால் விதிப்படி ட்ரிக்கர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும். போட்டிக்கு முன்னால் எடையைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள். அந்த 500 கிராமில் நன்றாகச் சரிசெய்த மெக்கானிக்கல் ட்ரிக்கருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை உணர, கை ஓரளவு பழுத்திருக்க வேண்டும். கயலுக்கு இப்போது அது தெரியாது, தெரியவும் வேண்டாம். இன்னொன்று, எலெக்ட்ரானிக் பழுதானால் உள்ளூரில் திறந்து பார்க்க ஆள் கிடையாது. மெக்கானிக்கல் என்றால் ஆலன் கீ செட்டோடு உங்கள் கோச்சே உட்கார்ந்துவிடுவார்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்கு நடந்தது நினைவிருக்கும். தகுதிச் சுற்று நடுவில் பிஸ்டல் தகராறு செய்து, நிமிடங்கள் கையை விட்டுப் போய், 575 புள்ளியோடு 12-ஆம் இடம். முதல் 8 பேருக்குத்தான் இறுதிச் சுற்று. அதே பெண் 2024-இல் பாரிஸில் தனிநபரில் ஒன்று, சரப்ஜோத் சிங்கோடு ஒன்று என இரண்டு வெண்கலம் வாங்கினாள். எந்தக் கம்பெனி நல்லது, எது கெட்டது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எந்தப் பிஸ்டலும் ஒருநாள் நிற்கும். நின்றால் யார் சரிசெய்வார், எத்தனை நாளில் செய்வார் என்பதைக் கடைக்காரரிடம் விலைக்கு முன்னால் கேள்.

அடுத்தது அப்சார்பர். பிஸ்டலுக்குள் ஒரு சிறு எடை, குண்டு கிளம்பும்போது எதிர்த்திசையில் நகர்ந்து அதிர்வை விழுங்கும். ஸ்டையரிலும் பர்தினி கே 12-இலும் ஃபைன்வெர்க்பாவிலும் உண்டு. மோரினியில் கிடையாது. அது இல்லாமலேயே மோரினி ஆட்கள் பதக்கம் மேல் பதக்கமாக வாங்குகிறார்கள். பிடித்தால் எடுத்துக்கொள், அதற்காகவே காசு கொட்டாதே.

ஜூனியர் மாடல், ஷார்ட் மாடல் என்று கடைக்காரர் தனியாக எழுதியிருக்கிறாரே, அதையும் பார்த்தேன். எடை குறைவு என்பது நிஜமான லாபம். ஒற்றைக் கையை நீட்டிப் பிடித்து 75 நிமிடத்துக்குள் 60 குண்டு, அதற்கு முன் 15 நிமிடம் தயாரிப்பும் பயிற்சிச் சுடுதலும் வேறு. ஒரு கிலோ எடை என்பது அந்த நேரத்தில் தோள்பட்டையில் பெரிய விஷயம். ஆனால் குறி பார்க்கும் முன் சைட்டும் பின் சைட்டும் நெருங்கிவிட்டால், அவற்றுக்கு இடையில் வரும் சிறு கோணல் இலக்கில் பெரிதாகக் காட்டும். கயலுக்குப் பதினைந்து ஆகிவிட்டது, உயரமும் உன்னைத் தாண்டிவிட்டதாக எழுதியிருக்கிறாய். பத்து வயதுக் குழந்தைக்குச் செய்த மாடல் அவளுக்கு வேண்டாம். முழு நீளமே வாங்கு, கூடவே வரும் கூடுதல் எடைகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டு வை.

இதையெல்லாம் விட முக்கியமானது கிரிப், அதாவது கைப்பிடி. உன் மூன்று கொட்டேஷனிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! எக்ஸ்ட்ரா ஸ்மால், ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று அளவு உண்டு, வலது இடது உண்டு. எங்கள் கிளப்பில் ஒரு பையனுக்கு மீடியம் கேட்க லார்ஜ் வந்து இறங்கியது. கடையில் "மரம்தானே, உப்புத்தாளில் தேய்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். தேய்ப்பது வழக்கம்தான், மரப் புட்டி வைத்து மேடு கட்டுவதும் வழக்கம்தான். ஆனால் அது ஏறக்குறைய பொருந்துகிற கிரிப்பில் செய்கிற வேலை. கை உள்ளே சுற்றினால் ட்ரிக்கர் இழுக்கும்போது குறி ஒரு பக்கம் ஓடும், ட்ரிக்கர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் காப்பாற்றாது. பிள்ளைக்குக் கை இன்னும் வளரும் என்றால் கிரிப்பை மட்டும் பின்னால் மாற்றலாம். ஜெர்மனியில் ரிங்க் என்று ஒருவர் கை அளவுக்கே செய்து கொடுக்கிறார், ஆனால் அது இப்போதைக்கு இல்லை.

கொட்டேஷன்களை நீ நேருக்கு நேர் வைத்து ஒப்பிட்டிருக்கிறாய், அது சரிவராது. முதல் ஆள் பெட்டி, இரண்டு காற்றுச் சிலிண்டர், காற்றேற்றும் அடாப்டர், வரி எல்லாம் சேர்த்துப் போட்டிருக்கிறார். இரண்டாவது ஆள் ஒரு சிலிண்டர் மட்டும், வரி தனி என்று கீழே பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார். மூன்றாவது ஆள் அடாப்டரைப் பற்றிப் பேசவே இல்லை. சேர்த்துக் கூட்டிப் பார், "மலிவு" என்று நீ வட்டம் போட்டது மலிவாக இருக்காது. ஐரோப்பாவில் 1,500 யூரோவிலிருந்து 2,000 யூரோவுக்கு மேல் வரை பார்த்துவிட்டு இங்கே இவ்வளவா என்று கேட்டிருக்கிறாய். ஆன்லைனில் ஆர்டர் போட்டுக் கூரியரில் வரவழைக்கிற பொருள் இல்லை இது. அனுமதி, சுங்க வரி, டீலர் லாபம் எல்லாம் ஏறித்தான் ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. தேசியத் துப்பாக்கிச் சுடுதல் சங்கம் 'ரெனவுண்ட் ஷாட்' (பெயர்பெற்ற சுடுநர்) என்று அங்கீகரித்தவர்களுக்குச் சுங்க வரிச் சலுகை உண்டு. கயல் அந்த நிலைக்கு வரும்போது அடுத்த பிஸ்டலை அப்படி வாங்கலாம்.

சிலிண்டரைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். 200 பார் அழுத்தத்தில் காற்று அடைக்கிற சாமான் அது. அதன் மேல் தேதி பொறித்திருக்கும், பொதுவாக 10 வருடம் ஆயுள். காலாவதியானால் போட்டியில் உள்ளே விடமாட்டார்கள். புதுப் பிஸ்டல்தானே என்று விட்டுவிடாதே, கடையில் மூன்று வருடம் தூங்கிய சரக்கு என்றால் அந்த மூன்று வருடம் உனக்கு நஷ்டம். பணம் கட்டும் முன் தேதியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். செகண்ட் ஹேண்ட் என்றால் இதுதான் முதல் கேள்வி. செகண்ட் ஹேண்ட் வாங்குவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. நான் இன்னும் சுடுவது பழைய ஸ்டையர் எல்பி 10-தான், அதையும் இன்னொருவரிடம் வாங்கியதே. சீல்கள் தேயும், மாற்றிக்கொள்ளலாம். குழல் அவ்வளவு சீக்கிரம் போகாது.

இப்போது என் கணக்கைச் சொல்கிறேன். மெக்கானிக்கல் ட்ரிக்கர் ஈவோ 10, ஸ்மால் கிரிப், இரண்டு சிலிண்டர். அல்லது சிலிண்டர் தேதி நிறைய மிச்சமுள்ள பழைய எல்பி 10. மிஞ்சும் பணத்தைப் பெல்லட்டுக்கு ஒதுக்கு. ஒரு டப்பாவில் 500. நாளைக்கு 100 சுட்டால் ஐந்தே நாளில் டப்பா காலி, மாதத்துக்கு ஆறு டப்பா ஆகும். பிஸ்டலுக்கு எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு, பெல்லட்டுக்குக் கணக்குப் பார்த்து வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் பழகும் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். ஆர்.டபிள்யூ.எஸ்., எச் அண்ட் என் என்ற இரண்டு கம்பெனிப் பெல்லட்டில் எதை அவள் குழல் விரும்புகிறது என்று சின்ன டப்பா வாங்கிச் சுட்டுப் பார்த்துவிட்டு மொத்தமாக எடு.

கயல் 'கூலாக' ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சுடுகிறாள், மரியாதையே இல்லை என்று வருத்தப்பட்டிருக்கிறாய். அட, எல்லாரும் அப்படித்தான் சுடுவார்கள்! அந்தக் கை ஆடாமல் இருக்க வேண்டுமே. பாரிஸில் வெள்ளி வாங்கிய துருக்கிக்காரர் யூசுஃப் டிகெச் படம் உலகமெல்லாம் சுற்றியதே, மறந்துவிட்டாயா? அவருக்கு அப்போது வயது 51. நமக்கும் இன்னும் வாய்ப்பு இருக்கிறது.

அட்வான்ஸ் எதுவும் கட்டிவிடாதே. ஒரு வெள்ளைத்தாளில் கயலின் வலது கையை விரித்து வைத்து பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. எங்கள் கிளப்பில் மோரினியும் பர்தினியும் ஃபைன்வெர்க்பாவும் வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஸ்டையர் என்னிடமே இருக்கிறது. அரையாண்டு லீவில் அவளைக் கூட்டிக்கொண்டு வா. ஒவ்வொன்றிலும் நிதானமாகச் சுட்டுப் பார்க்கட்டும், எது கையில் உட்காருகிறது என்று அவளே சொல்லட்டும். ஆனால் எதன் விலை எவ்வளவு என்று அதுவரை அவளிடம் வாயைத் திறக்காதே. விலை தெரிந்தால் ஒன்று உனக்காக மலிவானதைச் சொல்வாள், இல்லை விலை கூடினதே நல்லதென்று சொல்வாள்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல். பிள்ளைக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சேகர்

பி.கு.: ராஜேந்திரன் வீட்டு மொய் நோட்டில் உன் பெயரில் 1,001 எழுதிவிட்டேன். வரும்போது கொண்டு வா.