விஸ்கி சுவைஞர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், சாயல்குடி ஆகிய ஊர்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சித்திரை முதல் பங்குனி முடிய உள்ள ஓராண்டில் நம் சங்கம் கூடியது, சுவைத்தது, செலவழித்தது ஆகியவற்றைப் பற்றிய அறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்காக முன்வைக்கிறேன்.

முதலில் சென்ற ஆண்டு அறிக்கையில் நான் செய்த பிழை ஒன்றை நானே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளில் 1798ஆம் ஆண்டு முதல் வடிக்கப்பட்டுவரும் ஹைலண்ட் பார்க் விஸ்கியைப் பற்றி எழுதுகையில், 'ஹெதர் மலரின் மென்மணம்' என்று எழுதியிருந்தேன். அறிக்கையை வாசித்து முடித்ததும் இப்போது சாயல்குடி உறுப்பினராக இருப்பவர் எழுந்து, "செயலாளர் ஐயா, அந்தப் பூவை எங்க வச்சு மோந்து பாத்தீக?" என்று கேட்டார். நான் எங்கும் மோந்ததில்லை. புட்டி வந்த அட்டைப்பெட்டியில் இருந்ததை அப்படியே தமிழில் எழுதிவைத்திருந்தேன். அன்று சபையில் எழுந்த சிரிப்பு நியாயமானது. இவ்வாண்டு நாம் செய்த வேலைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தவை என்பதால் அதை இங்கே பதிவுசெய்கிறேன்.

கேள்வி கேட்டவர் நாற்பது ஆண்டுகள் கருப்பட்டி மண்டி நடத்தியவர். ஒரு சொட்டு மதுவும் அருந்தாதவர். அத்தகையவரை விஸ்கி சங்கத்தில் உறுப்பினராகச் சேர்க்கலாமா என்று சித்திரைக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. ஸ்காட்லாந்தில் பல பீப்பாய்களின் சரக்கைக் கலந்து ஒரே சுவைக்குக் கொண்டுவரும் கலவை வல்லுநர்கள், மாதிரிகளைச் சுமார் 20 சதவீத ஆல்கஹால் அளவுக்கு நீர் விட்டு இறக்கி, பெரும்பாலும் மூக்கைக் கொண்டே தங்கள் வேலையைச் செய்கிறார்கள் என்பதை நான் எடுத்துச்சொன்னேன். கருப்பட்டியில் சீனி கலந்திருப்பதை உடைத்து மோந்த மாத்திரத்தில் சொல்லக்கூடிய மூக்கு நமக்கு இலவசமாகக் கிடைக்கிறதே என்றார் தலைவர். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சந்தாவில் பாதி மட்டும் வாங்கினால் போதும் என்ற என் திருத்தத்தை அவரே ஏற்கவில்லை. முழுச் சந்தா செலுத்திவருகிறார்.

அக்கூட்டத்திலேயே இன்னொரு விதியும் வகுக்கப்பட்டது. எழுதுகிறவர் தம் வாழ்நாளில் மோந்தறியாத எந்த மணத்தையும் சுவைக் குறிப்பேட்டில் எழுதக்கூடாது. இதனால் ஹெதர், பிளம்ஸ், மார்சிபான் என்னும் பாதாம் இனிப்பு முதலியவை ஏட்டிலிருந்து நீங்கின. அந்த இடங்களைக் கமறல், நெடி, வீச்சம், முறுகல், மக்கல், காறல், துவர்ப்பு என்று நாம் அன்றாடம் அடுப்படியிலும் கரையிலும் பேசும் சொற்கள் பிடித்துக்கொண்டன. மணத்துக்கும் நாற்றத்துக்கும் இடையே தமிழில் இத்தனை படிகள் இருக்கையில் அட்டைப்பெட்டியிடம் கடன் வாங்கியதை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஆண்டின் சிறந்த கூட்டம் வைகாசியில் நடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும் 61 நாள்களில்தான் நம் படகுக்கார உறுப்பினர்கள் அனைவரும் ஒருசேரக் கரையில் இருப்பார்கள். அன்று மொட்டை மாடியில் உட்கார இடம் போதவில்லை. ஸ்காட்லாந்தின் ஐலா தீவின் தென்கரையில் போர்ட் எலன் ஊருக்குக் கிழக்கே அடுத்தடுத்து அமைந்துள்ள, விஸ்கி வடிக்கும் மூன்று வாலைச்சாலைகளான லஃப்ராய்க், லகவூலின், ஆர்ட்பெக் ஆகியவற்றின் புட்டிகளை ஒரே மாலையில் திறந்தோம். முதலாவதும் மூன்றாவதும் 1815இலும், நடுவிலுள்ளது 1816இலும் தொடங்கியதாகத் தத்தம் புட்டிகளில் பொறித்திருக்கிறார்கள். முளைகட்டிய பார்லியை உலர்த்துவதற்கு, சதுப்பில் செடிகொடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கி உருவான பீட் மண்ணை வெட்டிக் காயவைத்து எரிக்கிறார்கள். அந்தப் புகையிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்கள் தானியத்தின் மேல் படிந்து, வாலையில் வடித்த பின்னும், ஓக் பீப்பாயில் பத்துப் பதினாறு ஆண்டுகள் கிடந்த பின்னும் போகாமல் நிற்கின்றன. அந்த மூன்றிலும் கடற்கரையின் மருந்து நெடி ஒன்று தூக்கலாக இருப்பதாகப் படித்திருந்தோம்.

படித்ததைச் சோதிக்கப் பாம்பன் உறுப்பினர் ஒருவர் ஒரு காரியம் செய்தார். கரையில் ஒதுங்கிக் கிடந்த கட்டக்கோரைப் பாசியில் ஒரு கைப்பிடியை அரைகுறையாகக் காயவைத்து, வாழையிலையில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். லஃப்ராய்க் இருந்த கண்ணாடிக் கோப்பையை ஒரு கையிலும் இலைப்பொட்டலத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு வரிசையில் ஒவ்வொருவரும் மாறிமாறி மோந்து பார்த்தோம். நம் வீட்டுப் பெண்கள் பாசி காயப்போடும் முற்றத்தின் வாடை ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த புட்டியில் அப்படியே இருந்தது; அதற்குமேல் காயத்துக்குத் தடவும் டிஞ்சர் நெடி ஏறியிருந்தது. லகவூலின் 16 ஆண்டுச் சரக்கைச் சாயல்குடி உறுப்பினர் வெகுநேரம் மூக்கருகே வைத்திருந்துவிட்டு, பாகு அடிப்பிடிக்கப் போகிற நொடிக்குமுன் இறக்கிவிட்ட கொப்பரை என்றார். அடுப்பில் எரிந்தது பனைமட்டை, கருவேல விறகு அல்ல என்றும் சொன்னார். ஆர்ட்பெக்கை அவர் மழையில் நனைந்த அடுப்புச் சாம்பல் என்று முடித்துக்கொண்டார். அருந்திய நாங்கள் எழுதிய பத்துப் பக்கக் குறிப்பில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அடுத்து நீர் பற்றிய சோதனையை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இது நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல். விஸ்கியில் சில சொட்டு நீர் விட்டால் மணம் திறக்கும் என்பது குடிப்பவர் எல்லாரும் சொல்வது. 2017இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் இருவர் கணினி வழி மூலக்கூறுக் கணக்கீடு செய்து அதற்கொரு காரணம் காட்டினர். புகைமணத்துக்குக் காரணமான குவாயகால் என்னும் பொருள், ஆல்கஹால் 45 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருக்கையில் நீர்மத்தின் மேற்பரப்புக்கு வந்து நிற்கிறது என்றும், 59 சதவீதத்துக்கு மேல் போனால் ஆல்கஹால் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது என்றும் அவர்கள் கண்டனர். எல்லாம் சரி, எந்த நீரை விடுவது? நம் ஆழ்குழாய்களில் வருவது உவர்நீர். எனவே ஐப்பசி மழையில் மாடியில் பிடித்து வடிகட்டிய நீர், காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்நீர், கேன் நீர், தலைவர் வீட்டுக் கிணற்று நீர் என நான்கையும் எண் மட்டும் ஒட்டிய குப்பிகளில் வைத்து, ஒரே விஸ்கியில் ஐந்தைந்து சொட்டு விட்டுப் பார்த்தோம்.

கிணற்று நீரை அனைவரும் உடனே கண்டுபிடித்துவிட்டனர்; தலைவர் மட்டும் அதையே சிறந்தது என்றார். பழகிய நாக்கு அதைத்தான் சொல்லும். குழாய்நீரில் குளோரின் வாடை புகைமணத்தோடு மல்லுக்கு நின்றது. மழைநீருக்கும் கேன் நீருக்கும் வேறுபாடு உண்டு என்று மூவரும், இல்லை என்று எஞ்சியோரும் கூறினர். என் கருத்து, வேறுபாடு இல்லை. ஆயினும் மழைநீர் காசில்லாமல் கிடைப்பதால் அதுவே இனிச் சங்கத்தின் நீராகும். அன்று 46 சதவீத ஆர்ட்பெக்கில் குளிர்ந்த நீர் விட்டதும் அது லேசாகக் கலங்க, கலப்படம் என்று ஒருவர் குரல் எழுப்பினார். குளிரூட்டி வடிகட்டாத விஸ்கியில் கொழுப்பமில எஸ்டர்கள் நீர் பட்டதும் பிரிந்து மூட்டம் போடும். அது குற்றமன்று என்பதை ஏட்டில் குறித்திருக்கிறேன்.

கார்த்திகையில் நடந்த கண்கட்டுச் சுவைப்பில் புட்டிகளைத் துணியால் சுற்றி எண் மட்டும் எழுதி மூன்றை வைத்தோம்: முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்த ஸ்காட்டிஷ் 12 ஆண்டு மால்ட் ஒன்று, பெங்களூரு அம்ருத் நிறுவனத்தின் ஃப்யூஷன் மால்ட், சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் வடித்த சாராயம் கலந்த, 42.8 சதவீத உள்நாட்டுக் கலப்பு விஸ்கி ஒன்று. மூன்றாவதை எல்லாரும் ஒதுக்கிவிடுவர் என்று எண்ணியிருந்தேன். இருவர் அதற்கு முதலிடம் தந்தனர். அவர்களைப் பெயர் சொல்லாமல் விடுகிறேன், ஒருவர் நானே என்பதால். ஃப்யூஷனைப் பதினெட்டு ஆண்டு வயதுள்ளது என்று பலர் எழுதியிருந்தனர். உண்மையில் அதன் புட்டியில் வயதே குறிக்கப்படவில்லை. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறதென்றால், பெங்களூருவில் 10 முதல் 12 சதவீதம் வரை போய்விடுகிறது. அந்த வெப்பத்தில் மரத்தின் சாரம் விரைவாக இறங்கிவிடுவதால் சில ஆண்டுச் சரக்கே முதிர்ந்தது போலத் தோன்றுகிறது. இந்த நிறுவனத்தின் மால்ட் 2004இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்த ஊர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. நம் நாட்டில் வடித்ததை ஸ்காட்ச் பிறந்த மண்ணுக்கே கொண்டுபோய் விற்ற அந்தத் துணிச்சலுக்காக ஒரு சுற்று கைத்தட்டினோம். சாயல்குடிக் குறிப்பு: 'சுக்குத் தட்டிப் போட்ட புட்டுக் கருப்பட்டி; ஓரத்தில் புகை.'

இழப்புகளும் உண்டு. உறுப்பினர் ஒருவர் தம் மகன் கொண்டுவந்த புட்டியை, திராட்சை மதுவைப் போலப் பீரோவுக்குள் படுக்கைவாட்டில் ஓராண்டு வைத்திருந்தார். ஆல்கஹால் தக்கையைத் தின்று, திறக்கும்போது அது பொடியாக உதிர்ந்தது. வேட்டித் துணியில் வடிகட்டியும் மக்கல் வாடை போகவில்லை. விஸ்கிப் புட்டி நின்றபடிதான் இருக்க வேண்டும். மாசிக் கூட்டத்தில் கழுவிய கண்ணாடிகளை யாரோ கருவாட்டுக் கூடையருகே கவிழ்த்துவைத்ததால் அன்றைய குறிப்புகள் அனைத்தையும் நீக்கிவிட்டேன். அந்த 'யாரோ' யார் என்பது விசாரணையில் இருக்கிறது.

ஒருவருக்கு ஒரு மாலையில் பதினைந்து மில்லி வீதம் மூன்று ஊற்று என்ற வரம்பும், வண்டி ஓட்டுபவர் மோந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற விதியும் ஆண்டு முழுவதும் மீறப்படவில்லை. சங்கம் எதையும் விற்பதில்லை. பயணி ஒருவருக்குச் சுங்கத் தீர்வையின்றி அனுமதிக்கப்படும் இரண்டு லிட்டருக்குள் உறுப்பினர் வீட்டார் கொண்டுவருவதையும், சந்தாவில் வாங்குவதையும் பகிர்ந்துகொள்கிறோம். பனங்கள்ளையும் சுவைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று வந்த கோரிக்கை, 1987 முதல் இம்மாநிலத்தில் கள்ளுக்குத் தடை இருப்பதால் ஏற்கப்படவில்லை. சுண்ணாம்பிட்ட பதநீர் வைக்கலாம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். துலிப் வடிவக் கண்ணாடிகள் ஒரு டஜன் வாங்கியதே பெருஞ்செலவு. இரண்டு உடைந்தன, ஒன்றைக் காணவில்லை. நடப்பு நிர்வாகிகளே தொடர வேண்டும் என்று முன்மொழிவு வந்திருக்கிறது. எதிர்ப்பு இருந்தால் இன்றே தெரிவிக்கலாம்.

சித்திரைக் கூட்டத்துக்கு ஸ்கை தீவின் டாலிஸ்கர் 10 ஆண்டுச் சரக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. அதில் மிளகுக் காரம் என்று எல்லாரும் எழுதுவது வழக்கமாதலால், ஒப்பிட்டுப் பார்க்க மிளகும் நம் முண்டு மிளகாயும் கொண்டுவரும் பொறுப்பைத் தேவிபட்டின உறுப்பினர் ஏற்றிருக்கிறார். கண்ணாடிகளை மழைநீரில் கழுவி, கருவாட்டுக்கு எட்டாத இடத்தில் கவிழ்த்துவைத்து எடுத்துவருமாறு அனைவரையும் கேட்டுக்கொண்டு, அறிக்கைக்கு ஒப்புதல் கோருகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்