பெயரோடு நின்றுவிட்ட எறும்பு

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயிரினங்களுக்குப் பெயர் சூட்டும் முறையைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஈக்வடார் காட்டில் கண்டறியப்பட்டு, 2021-இல் ‘ஸ்ட்ருமிஜெனிஸ் அயர்ஸ்தே’ என்று பெயரிடப்பட்ட எறும்புக்கு அதில் இரண்டு பக்கங்கள் ஒதுக்கியிருந்தீர்கள். ஆனால் அவ்விரண்டு பக்கங்களிலும் எறும்பைப் பற்றி இருந்தது ஒரே வரி. அந்த வரியும் அதைப் ‘புதிதாகத் தோன்றிய எறும்பு’ என்றது. அறிவியலுக்குத்தான் அது புதியது. காட்டில் அது நெடுங்காலமாக வாழ்ந்துவருகிறது. உடன் அச்சாகியிருந்த படமோ நம் மாமரங்களில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு! 30 ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவள் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பெயரைப் பற்றிக் கட்டுரை சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. அமெரிக்கக் கலைஞர் ஜெரமி அயர்ஸின் நினைவாகவும், ஆண், பெண் என்ற இரண்டுக்குள் தம்மை அடக்கிக்கொள்ளாதவர்களை முன்னிட்டும், வழக்கமான லத்தீன் விகுதியை விட்டு ‘தே’ (they) என்ற பால் காட்டாத ஆங்கிலச் சொல்லையே விகுதியாகச் சேர்த்தார்கள். பால் காட்டாத ‘அவர்’ என்ற சொல்லை நாள்தோறும் புழங்கும் நமக்கு அதன் நியாயம் எளிதில் விளங்கும். என் வருத்தம், பேச்சு அத்தோடு நின்றுவிட்டதே என்பதுதான்.

இந்த எறும்பை விவரித்த டக்ளஸ் பூஹரும் பிலிப் ஹோன்லேயும், வழவழப்பாகப் பளபளக்கும் அதன் மேனியையும் நீண்ட தாடைகளையும் கண்டு, இதற்கெனத் தனி இனக்குழுவே வகுத்தார்கள். 850-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட ‘ஸ்ட்ருமிஜெனிஸ்’ என்ற பேரினத்தில் எந்தக் குழுவிலும் அடங்காமல் ஓர் எறும்பு நிற்பது எளிதான செய்தியன்று. இப்பேரினத்து எறும்புகள் பெரும்பாலும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். சருகுக்கடியில் ஸ்பிரிங்டெயில் போன்ற நுண்ணிய உயிர்களை வேட்டையாடி வாழும். ஸ்பிரிங்டெயில் தன் வயிற்றுக்கடியில் கவட்டைபோன்ற உறுப்பொன்றை மடித்து வைத்திருந்து, ஆபத்து என்றதும் அதைத் தரையில் அடித்துத் தெறித்து ஓடிவிடும். ஓடித் துரத்தி அதைப் பிடிப்பது கடினம். ஆகவே நீள்தாடை கொண்ட எறும்புகள் தாடைகளை அகல விரித்து, மேலுதட்டைத் தாழ்ப்பாள்போல் கொடுத்து அவற்றை நிறுத்தி, அடிமேல் அடிவைத்து இரையை நெருங்குகின்றன. தாழ் விலகியதும் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் தாடைகள் மூடிக்கொள்கின்றன. இந்த விசைத்தாடை, கவ்விப் பிடிக்கும் எளிய தாடையிலிருந்து, இந்த ஒரே பேரினத்துக்குள் 7 முதல் 10 முறை தனித்தனியே தோன்றியிருக்கிறது என்று அதே 2021-இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. பரிணாமம் ஒரே கருவியை மீண்டும் மீண்டும் எப்படி உருவாக்குகிறது என்பதற்கு வகுப்பில் சொல்ல இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இந்தப் பேரினம் நம் மண்ணிலும் உண்டு. எங்கள் வீட்டுப் பலா மரத்தடிச் சருகை மாணவிகளோடு சேர்ந்து சல்லடையில் அரித்து, வெள்ளைத் துணியில் கொட்டிப் பார்த்திருக்கிறேன். முதலில் தூசியும் மட்கிய இலைத் துணுக்குகளும் மட்டுமே தெரியும். இவ்வெறும்பு கலைக்கப்பட்டால் அசையாமல் செத்ததுபோல் கிடந்துவிடும். பொறுமையிழந்த பிள்ளைகள் துணியை உதறப் போவார்கள். சற்று நேரம் காத்திருந்தால், செம்மண் துகள் என்று நினைத்த ஒன்று மெல்ல உணர்கொம்பை நீட்டும். கைலென்ஸில் அந்த இதய வடிவத் தலையைக் கண்ட மாணவி ஒருத்தி, அதன் பிறகு அந்த மரத்தடியைக் கூட்டிப் பெருக்கவே விடவில்லை.

அயர்ஸ்தே கிடைத்த ரியோ கனாண்டே காப்பகம், ஆண்டீஸ் மலைக்கு மேற்கே, பனாமாவிலிருந்து கொலம்பியா வழியாக ஈக்வடார் வரை நீளும் சோக்கோ மழைக்காட்டின் தென்பகுதியில் இருக்கிறது. உலகிலேயே மிகுந்த மழை பெறும் நிலங்களில் ஒன்றான அந்தக் காடு, மர வெட்டுக்கும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கும் இரையாகிக் குறைந்துகொண்டே வருகிறது. பெயர் சூட்டியவர்களே இந்தக் காடுகளைக் காக்க வேண்டிய காரணங்களில் ஒன்றாகத்தான் இந்த எறும்பை முன்வைத்தார்கள். அதைக் கட்டுரை ஒரு சொல்லால்கூடத் தொடவில்லை என்பது என்னை மிகவும் உறுத்துகிறது.

அடுத்த இதழிலேயே ‘புதிதாகத் தோன்றிய’ என்பதைத் திருத்தி, முசுறுக்குப் பதிலாக அயர்ஸ்தேயின் படத்தை, தாடைகள் தெளிவாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பள்ளிப் பலகைகளில் உங்கள் பக்கங்களை வெட்டி ஒட்டும் ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருவர்,
மார்த்தாண்டம்